வலது ஓரம்

பத்திரிகைக்கு 'க்ரம்ஸ்' என்று பெயர்.
நார்வே மொழியில் காப்பி வண்டல்.
டோருன் வைத்தது.
ஆறு பேர், ஒரு நிலவறை,
மேலே மாணவர் உணவகத்தில் தட்டுகள் உருளும் சத்தம்,
வெளியே பெர்கன் நகரத்து மழை.
வாரத்தில் ஒன்பது நாள் பெய்கிறது என்பாள் டோருன்.
அங்கே இருந்தவர்கள் யாரும் கணக்கைத் திருத்தியதில்லை.

எனக்கு இசை தெரியாது.
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
"எழுத்துரு தெரியுமா?"
தெரியும்.
"போதும். பக்கத்தை யாரும் காதால் பார்க்கமாட்டார்கள்."

அப்படியே மூன்று இதழ்கள்.
எங்கள் மொழியில் ஓர் ஓ உண்டு, குறுக்கே கோடு விழுந்தது.
வாங்கிய எழுத்துருவில் அந்தக் கோடு
பட்டினி கிடந்தவன்போல் மெலிந்திருந்தது.
நாற்பத்தோரு தலைப்புகளிலும்
ஒவ்வொன்றாய்க் கையால் தடிப்பாக்கினேன்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
கவனிக்காததுதான் வெற்றி என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் இதழின் நடுப்பக்கத்தில்
பாடகி ஒய்டிஸின் மூக்கில் போய்க் குத்தியது ஸ்டேபிள் பின்.
மூக்குத்தி போட்டுவிட்டேன் என்று நினைத்து
நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
சொட்டச் சொட்ட வந்து நின்றான் ஒருவன்.
"நீதானே வெட்டுகிறவள்?"
பையிலிருந்து மூன்று இதழ்களையும் எடுத்து
மேசையில் விரித்தான்.
விரல் வைத்தான்:
"இது நான்."
ஒரு முழங்கை.
"இதுவும்."
கிட்டாரின் கழுத்து, இரண்டு விரல் கணு.
"இது?"
சுவரில் பாதி நிழல்.

பெயர் சிந்த்ரே. பேஸ் கிட்டார்.
அதை வாசிக்க ஊரில் ஆள் பஞ்சம்;
மூன்று குழுவுக்கும் அவன் ஒருவனே.
கோபமே இல்லை.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி,
மீன் கடையில் தராசைச் சரிபார்க்கச் சொல்பவனைப்போல்,
"அளவு இடிக்கிறதா?" என்று கேட்டான்.

பதில் இருந்தது என்னிடம்.
பாடுகிற வாய்க்கு நடு இடம் வேண்டும்,
தலைப்புக்கு மேலே இருட்டு வேண்டும்,
வலது ஓரத்தில் நிற்பவன் போய்த்தான் ஆகவேண்டும்.
சொல்லவில்லை.
ஈரமாகிவிட்ட இதழ்களைத் துடைத்துக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனேன்.
பழைய மத்திமீன் தொழிற்சாலை,
சுவருக்கு இன்னும் உப்பு வாசம்.
அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்;
அவனை மட்டும் கேட்கவே முடியவில்லை.
மூன்றாவது பாட்டில்
அவன் கம்பி பிடுங்கிக்கொண்டது.
பாடகன் பாடிக்கொண்டுதான் இருந்தான்.
டிரம்ஸ் அடிப்பவளும் நிறுத்தவில்லை.
ஆனால் இருட்டில் படி இறங்கும்போது
இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்து
இல்லாமல் போகிற அந்த அரை நொடி
ஒரு நிமிடம் நீண்டது.
என் பக்கத்தில் நின்றவர்கள்
ஏனென்று தெரியாமலே பீர் வாங்க நகர்ந்தார்கள்.
அவன் குனிந்து கம்பியைத் தேடினான்.
செருகினான்.
எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

நான்காம் இதழை முதலிலிருந்து போட்டேன்.
அட்டையில், குனிந்து தேடுகிறவன், முழு உடம்பு.
"யார் இது?" என்றாள் டோருன்.
"இவன் இல்லாவிட்டால் தெரியும்" என்றேன்.
கவிதை எழுதுகிறாயா என்று முறைத்தாள்.

அதற்குள் சைக்கிள் கடை விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது.
அச்சகத்துக்குப் பதினோராயிரம் குரோனர் பாக்கி.
நிலவறையை யோகா வகுப்புக்குக் கொடுத்தார்கள்.
இதழ் வரவில்லை.
கோப்பு இன்னும் இருக்கிறது என்னிடம்.
அதைத் திறக்கத் தெரிந்த மென்பொருள்தான் உலகத்தில் இல்லை.

சிந்த்ரேயிடம் இதைச் சொன்னதே இல்லை.
அவன் கேட்டது மூன்று பழைய இதழ்களைப் பற்றி.
வராத இதழை நீட்டி
எப்படிக் கணக்கை நேர் செய்வது?

இப்போது படகுகளின் கால அட்டவணை வடிவமைக்கிறேன்.
தீவு, நேரம், தீவு, நேரம்.
வலது ஓரத்தில் ஆறு மில்லிமீட்டர்
அதிகமாய் விடுகிறேன்.
போன வாரம் மேலாளர் ரங்னில்ட்
அளவுகோலோடு வந்தாள்:
"இங்கே என்ன வரப்போகிறது?"
"ஒன்றுமில்லை. கட்டைவிரல் வைத்துப் பிடிக்க."
ஒப்புக்கொண்டாள்.
அதுவும் உண்மைதான்.